தேய்வும் புரையும்: எடைகுறைப்பு எலும்புக்குச் செய்வது

பிரிக்பீல்ட்ஸ் மருந்தகங்களிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் நம் முதியோர் வாயில் அடிக்கடி கேட்கும் சொல் ‘எலும்புத் தேய்மானம்’. முழங்கால் வலித்தாலும் அச்சொல்லே. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் அச்சொல்லே. இவை இரு வேறு நோய்கள். இரண்டையும் ஒரே பெயரால் சுட்டுவதால், ஒன்றுக்குரிய அறிவுரையை மற்றொன்றுக்கும் கொள்கிறோம். மொழியியல் பயின்ற நாம் எலும்பைப் பற்றிப் பேச முன்வந்தது அதனாலேயே.

தேய்தல் பயன்பாட்டால் நேர்வது. செருப்பு தேயும், படிக்கட்டு தேயும். ஆகவே ‘தேய்மானம்’ என்று கேட்டவர், உடலுக்கு ஓய்வு தரவேண்டும், சுமையைக் குறைக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. மிகை எடையுள்ளவரின் மூட்டுத் தேய்வுக்கு எடைகுறைப்பு நல்வழியே. மற்ற நோய்க்குரிய பெயரோ ‘எலும்புப்புரை’. புரை என்பது உட்டுளை. ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் பெயரின் கிரேக்க வேர்களும் எலும்பு, துளை என்னும் பொருளனவே. புரையோடிய மரம் வெளியே மரமாகவே நிற்கும். காற்றடிக்கும் நாளில்தான் உண்மை தெரியும்.

எலும்பு உயிருள்ள திசு. பழையதைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதில் ஓயாது உழைக்கின்றன. உடலின் எடையும் தசையின் இழுப்பும் தரும் சுமையே ‘கட்டு’ என்னும் கட்டளை. ஏறத்தாழ 30 வயதுக்குள் எலும்பின் சேமிப்பு உச்சத்தை அடைகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இழப்பு விரைகிறது. பட்டினி கிடந்து மெலியும்போது சுமை குறைகிறது, தசை கரைகிறது, புரதமும் கால்சியமும் அருகுகின்றன. இளம்பெண்கள் அளவுமீறி உணவைக் குறைத்தால் மாதவிடாயே நின்றுபோகலாம். ஈஸ்ட்ரோஜன் குன்றி, சேமிக்கவேண்டிய வயதிலேயே எலும்பு செலவாகிறது.

மெலிந்த உடலின் இடர் எவ்வளவு என்பதற்கு நம் நாட்டு மருத்துவர்களும் கையாளும் கணக்கு ஒன்றுண்டு. மலேசியா உள்ளிட்ட எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை ஆராய்ந்து 2001இல் வெளியிடப்பட்ட அதன் பெயர் ‘ஓஸ்டா’. மாதவிடாய் நின்ற பெண்ணின் எடையிலிருந்து (கிலோவில்) வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்கவேண்டும். 65 வயதில் 50 கிலோ எனில் விடை −3, இடர் நடுத்தரம். அதே வயதில் 42 கிலோ எனில் −4.6; −4க்குக் கீழே இறங்கினால் இடர் மிகுதி. இது நோயை உறுதிசெய்வதன்று; எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று காட்டும் கைகாட்டி மட்டுமே.

அப்படியானால் பருமனே நன்று என்பதா? அன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களுள் இருவரில் ஒருவர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர். நீரிழிவும் இதயநோயும் நம் வீடுகளில் புதியன அல்ல. எடையைக் குறைக்கும் முறையே இங்குக் கேள்வி. உடற்பருமனுடைய முதியோரிடம் அமெரிக்காவில் ஓராண்டு நடந்து, 2011இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. உணவை மட்டும் குறைத்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி 2.6 விழுக்காடு குறைந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு 1.1 விழுக்காடே குறைந்தது. இரு சாராரும் இழந்த எடையோ ஏறத்தாழ ஒன்றே. எடைபார்க்கும் கருவி எத்தனை கிலோ போயிற்று என்று சொல்லும். போனது கொழுப்பா, தசையா, எலும்பா என்று சொல்லாது.

எனவே எடையைக் குறைப்போர் மெல்லக் குறைக்கட்டும். சோற்றைக் குறைத்தாலும் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைக் குறைக்கவேண்டா. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கால்சியம் நிறைந்தவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நடையோடு, படியேறுதலும் அளவான எடைதூக்கலும் சேரட்டும். முன்பே எலும்பு முறிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது, “எனக்கு இருப்பது மூட்டுத் தேய்வா, எலும்புப்புரையா?” என்று கேளுங்கள். தேய்வுக்கு எடையைக் குறைக்கச் சொல்லக்கூடும். புரைக்கு உடலைத் தேற்றச் சொல்லக்கூடும். இரண்டும் ஒருங்கே இருக்கவும் கூடும். எதற்கு எது என்று அறிய, முதலில் இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். அப்பெயர்கள் தமிழில் உள்ளன. நாம் வழங்குவதே எஞ்சியுள்ளது.