சாட்சியைத் தண்டிக்கலாமா?

நம் கச்சிபௌலியில் மண் அள்ளும் பெரிய டீசல் லோடர்களைக் கண்டிருப்பீர்கள். 2021 ஏப்ரலில் வந்த மாசு விதிக்குப் பின், இத்தகைய புதிய வண்டிகளின் புகையில் 32.5 சதவிகித யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது; அப்புகை வினையூக்கிப் பெட்டியைக் கடந்து வெளியேறுகிறது. பெட்டிக்கு முன்னும் பின்னும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார்கள் உண்டு.

எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் சென்சாரையே மாற்றுவோர் பலர். சாட்சியை விசாரிக்காமல் தண்டிக்கலாமா? கரைசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். தெளிக்கும் முனை அடைத்திருக்கலாம். கம்பி இணைப்பு தளர்ந்திருக்கலாம். அவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு தெளிப்பை நிறுத்திச் சற்று நேரம் ஓட்ட வேண்டும். இரு சென்சார்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டினால் சாட்சி மெய்யே, குற்றவாளி வேறிடத்தில்!

சாட்சியின் வாயை அடைத்தால் நஞ்சு தீருமா? அதைச் சுவாசிப்பவர் அருகே கல் சுமக்கும் தொழிலாளரன்றோ!