குடலில் நீந்தும் கிருமி

மழைவெள்ளம் வடிந்த பின்னர், கடலூர், சிதம்பரம் வட்டாரத் தாழ்நிலப் பகுதிகளில் வாழ்வோர் வயிற்றுப்போக்கு குறித்து விழிப்புடன் இருத்தல் வேண்டும். வயிற்றுப்போக்கு நோய்களுள் மிகக் கடுமையானது காலரா. அதனை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம் போன்ற கழிமுகங்களின் உவர்நீரிலும் வாழ வல்லது. மாசுபட்ட குடிநீர், உணவு ஆகியவற்றின் வழியே அது உடலுக்குள் நுழைகிறது.

இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன. எஞ்சியவை, வால் போன்ற ஒற்றை இழையைச் சுழற்றிச் சிறுகுடலின் சளிப்படலத்தினூடே நீந்திச் சென்று, குடற்சுவரைப் பற்றிக்கொண்டு பெருகுகின்றன. அவை சுவருக்குள் புகுவதில்லை. நச்சு ஒன்றைச் சுரக்கின்றன. 1959இல் கொல்கத்தா அறிஞர் சம்புநாத் தே இதனை வெளிப்படுத்தினார். அந்நச்சினால் குடலின் உயிரணுக்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. அரிசி கழுவிய நீர் போன்று மலம் கழிவது இதனால்தான்.

எனினும், சர்க்கரையோடு சேர்ந்து உப்பு உட்செல்லும் வழி கெடுவதில்லை. நீரும் அதனைப் பின்தொடரும். ஓ.ஆர்.எஸ். கரைசல் உயிர் காப்பது இவ்வாறே. ஆகவே, பேதி கூடும் என அஞ்சி நீரை நிறுத்துதல் பெருந்தீங்காகும். உறையில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள்; 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திராதீர்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண்கள் குழிதல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றின், தாமதியாது மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வரும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.