சீமைக் கல்வியும் தாய்மொழிக் கடனும்

கோடைதோறும் அயல்நாட்டு நகரங்களுக்குக் கற்கச் செல்லும் நம் மாணவர்க்கு ஒரு வார்த்தை. பாஞ்சாலங்குறிச்சிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், போர்த்துகல் நாட்டு அண்டிரிக் அடிகளார் பரதவரிடையே வாழ்ந்து தமிழ் கற்றார், தமிழிலக்கணமும் வரைந்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. அதற்கு முன்பே, 1554-இல், லிஸ்பன் நகரில் வசித்த இந்தியர் மூவரின் உழைப்பால் ரோமன் லிபியில் தமிழ்நூலொன்று அங்கே வெளிவந்தது. வந்தவரும் சென்றவரும் தமிழுக்கு ஆக்கந் தேடினர். ஆங்கிலத்திற் சட்டம் பயின்ற நாமோ, அதைக் கட்சிக்காரர்க்குத் தமிழில் விளக்க இயலாது திணறியதுண்டு. அக்குறை உங்களுக்கு வேண்டா. மருத்துவமோ, யந்திர வித்தையோ, அங்கே கற்றதை ஊரார்க்குத் தமிழிற் சொல்லுங்கள். சொல்லாவிடின், அக்கல்வி உங்கள் பிழைப்புக்கு உதவலாம்; நாட்டுக்கு உதவாது.