கடல் ஏறியதா, நிலம் இறங்கியதா?

மாலத்தீவுகள் முப்பது ஆண்டுகளுள் கடலில் முற்றிலும் மறையக்கூடும் என 1988ஆம் ஆண்டில் பத்திரிகைச் செய்தியொன்று எச்சரித்தது. 2018ஆம் ஆண்டு கடந்தது, தீவுகள் மறையவில்லை. இதனைக் காட்டி, கடல்மட்டம் உயர்கிறது என்பதே கட்டுக்கதை என வாதிப்போர் உளர். அவ்வாதம் பொருந்துமா?

உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. இது அளந்து கண்ட உண்மை. கெடு தவறியதனால் அது பொய்யாகிவிடாது. எனினும், கரையின் கதி கடல்மட்டத்தை மட்டுமே பொறுத்ததன்று. பவளத் தீவுகளில் அலைகள் மணலை அரிப்பதோடு கொணர்ந்து சேர்க்கவும் செய்கின்றன. வேறு சில இடங்களில் நிலமே அசைகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் இதற்குச் சான்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. நீருக்கு வெளியே வந்த பவளங்கள் மடிந்தன. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர்ப் பகுதியோ ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அருகிலுள்ள சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்து தங்கிற்று. இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது.

ஆகவே, தீவுகள் யாவும் இன்ன ஆண்டில் மூழ்கும் என்னும் கூற்றை ஐயுறுதல் முறையே. அளவையே மறுத்தல் முறையன்று. களப்பணியாளர் அலைமட்டத்தோடு நிலத்தின் உயரத்தையும் தவறாது பதிவு செய்தல் வேண்டும். ஆசிரியர் அவ்விரண்டையும் மாணவர்க்கு ஒப்பிட்டுக் காட்டலாம். அடுத்த பள்ளியையும் கிணற்றையும் எங்கு அமைப்பது என்பதற்கு அக்கணக்கே வழிகாட்டும்.