வளவுக் கோழிகள் – 9: பத்தாம் நாள் குஞ்சு

கூட்டுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசையைப் போன வாரம் பார்த்தோம். அந்த வரிசையைக் கண்டு சொன்ன நோர்வேக்காரர் ஷெல்டரப்-எப்பேயை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நோய் பற்றி எழுதுவதாக வாக்கு. ஆனால் 1873ஆம் ஆண்டுக் குஞ்சு ஒன்று குறுக்கே வந்து பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டு நாவற்குடா. இங்கே தாயை நாய்க்குக் கொடுத்த குஞ்சும், காகத்தின் வாயிலிருந்து தப்பி விழுந்த குஞ்சும் யாராவது ஒருவர் வீட்டுக்குள் வந்து சேர்வது புதினமல்ல. உடனே ஒரு காட்போட் பெட்டி, மேலே ஒரு மின்குமிழ், கொஞ்சம் அரிசிக்குருணல், சுற்றிவர பிள்ளைகள். உயிர் தப்பிவிடும். ஒரு மாதம் கழித்து வளவுக்குள் விட்டால் பேடுகள் விரட்டி விரட்டிக் கொத்துகின்றன. பழி முழுவதும் பேடுகளின் தலையில் விழுகிறது. என் கணக்கில் பாதிப் பழி அந்தப் பெட்டிக்கு உரியது. கோழிகளைக் காணாமல், அவற்றின் குரலைக் கேளாமல் கழியும் ஒவ்வொரு நாளும் அந்தக் குஞ்சைக் கோழிக் கூட்டத்திலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது.

இதற்குச் சாட்சி டக்ளஸ் ஸ்போல்டிங் என்ற பிரித்தானியர் 1873இல் எழுதிய கட்டுரை. ஓட்டை உடைத்து வரும் குஞ்சுகளுக்குக் கண் திறக்குமுன்பே, கழுத்தோடு இறுகும்படி ரப்பர் நூல் கோத்த சின்னஞ்சிறு முக்காடுகளை மாட்டினார். சிலவற்றின் காதைப் பசைத்தாளால் அடைத்தார். இரண்டொரு நாளில் முக்காட்டைக் கழற்றியவை அவர் பின்னாலேயே ஓடின. ஏறக்குறைய நாலு நாள் மூடிவைத்த மூன்று குஞ்சுகளோ அவரைக் கண்டதும் மிரண்டு யன்னல் கண்ணாடியில் போய் மோதின. ஒன்று புத்தகங்களுக்குப் பின்னால் புகுந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பிற்பாடு தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசலின் பெற்றோர் வீட்டில் அவர் ஆசிரியராக இருந்தபோது, ஆராய்ச்சியின் பேரால் கோழிக்குஞ்சுகள் வரவேற்பறை வரை அட்டகாசம் செய்ததை ரசலே எழுதியிருக்கிறார். விலங்கியலாளர் கொன்றாட் லொரென்ஸ் 1935இல் வாத்துகளை வைத்துப் புகழ்பெறுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்திய வேலை அந்த முக்காட்டுச் சோதனை. உலகம் மறந்த அந்தக் கட்டுரையை 1954இல் மீண்டும் அச்சேற்றியவர் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹோல்டேன்.

'முக்காடு கழற்றிய குஞ்சுகள் பயந்தது மனிதருக்கு. கோழியிடம் சேர்வதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே கட்டுரையில்தான் பத்தாம் நாள் குஞ்சு வருகிறது. பத்து நாள் வயதில் அதைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தார்கள். தாய் அதன் பின்னாலேயே போய், எத்தனை விதமாக அழைக்க முடியுமோ அத்தனை விதமாகவும் அழைத்தது. குஞ்சு அதை விட்டுவிட்டு வீட்டை நோக்கியும் மனிதரை நோக்கியுமே ஓடியது. கம்பால் விரட்டியும் திருந்தவில்லை. இரவில் தாயின் இறக்கைக்கடியில் செருகிப் பார்த்தார்கள். விடிந்ததும் மறுபடி ஓட்டம். இங்கே கொத்திய பேடு எதுவும் இல்லை. சேர மறுத்தது குஞ்சுதான். ஒரே குஞ்சின் கதை என்பது உண்மை. ஆனாலும் வீட்டில் தனியே வளர்ந்த குஞ்சு ஆள் கால்களையே சுற்றிவருவதைப் பார்க்காத ஊர் உண்டா?

'எங்கள் அம்மம்மா ராவில் அடைக்கோழிக்குக் கீழே வைத்துவிடுவார், காலையில் எல்லாம் சரி' என்பார்கள். அம்மம்மா செய்தது சரியே. அவர் வைத்தது பொரித்து ஓரிரு நாளான குஞ்சு. பேடும் அப்போதுதான் பொரித்து இறங்கியிருக்கும். மூன்று வாரக் குஞ்சுக்கு அந்த வித்தை பலிக்காது. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. வெளிச்சம் வந்ததும் அந்நியன் அகப்பட்டுவிடுவான்.

ஆகவே குஞ்சு தேறியதும் பகலில் கரப்பால் மூடி, கோழிகள் தீன் பொறுக்கும் இடத்திலேயே நிழலில் வையுங்கள். கரப்பின் மேல் ஒரு கல்லும் இருக்கட்டும். இரவில் சூட்டுக்கு உள்ளே எடுக்கலாம். முடிந்தால் இன்னொரு குஞ்சையும் துணைக்குச் சேருங்கள். இறகு முளைத்த பிறகு கம்பிவலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றவை. உடலில் ஏறத்தாழ ஈடுகொடுக்கும்போதுதான் வலை விலக வேண்டும். அப்போதும் குஞ்சு மட்டும் நுழையக்கூடிய ஓர் இடுக்கும், இரண்டு இடத்தில் தீனும் தேவை. எந்தத் தீன் என்பதும் முக்கியம்: முட்டைக்கோழித் தீனில் கல்சியம் 4 வீதத்தை எட்டும். குஞ்சுத்தீனில் அது சுமார் 1 வீதம்தான். மிஞ்சினால் குஞ்சின் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் குஞ்சுத்தீனையே போட்டு, பேடுகளுக்குச் சிப்பித்தூளைத் தனியே வைப்பதுதான் வழி.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் கவனமுள்ளவர்கள் கண்டிருப்பீர்கள். எங்கிருந்தோ வந்த குஞ்சை முதல் நாளே கோழிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் ராணிக்கேத் நோய்க்குக் கரப்பு தடையாகுமா? ஆகாது, அது காற்றிலும் எச்சத்திலும் பரவும். நோய் இருக்கக்கூடிய குஞ்சை மூன்று வாரம் தூர வைக்கச் சொல்கிறது ஒரு நியாயம். மூன்று நாள்கூடப் பொறுக்காதே என்கிறது மற்றது. இப்போதைக்கு இவ்வளவு செய்யுங்கள்: தடுப்பு மருந்து போடாத கோழிகள் வளவில் இருந்தால், குரல் கேட்கும் தூரத்தில், காற்று கோழிகளிடமிருந்து குஞ்சை நோக்கி வீசும் பக்கத்தில் வையுங்கள், கோழிகளுக்குத் தீன் போட்டு முடித்த பிறகே குஞ்சைத் தொடுங்கள். அந்த இரண்டு நியாயங்களின் சண்டையும் தடுப்பு மருந்தும் அடுத்த வாரம்.