சணல் சோறு போடுமா?



"வங்கதேச விவசாயிக்குச் சணல் இனியும் சோறு போடுமா?" இதுதானே தலைப்பு? எதிரணித் தலைவர் என்ன சொன்னாரு? உலகம் பூரா பிளாஸ்டிக்கை ஒழிக்கப் போறாங்க, இனி சணலுக்கு ராஜயோகம்தான்னு ஜாதகம் கணிச்சுக் கொடுத்திட்டாரு. (சிரிப்பு)

ஐயா, அந்த ஜாதகம் 2002-லேயே பொய்த்துப் போச்சு. பாலிதீன் பைக்கு முதன்முதலா தடை போட்ட நாடுன்னு வங்கதேசம் பேர் வாங்கின வருஷம் அது. அதே வருஷம் ஜூன் 30-ந் தேதி, நாராயண்கஞ்ச்ல இருந்த ஆதம்ஜி சணல் ஆலையை இழுத்துப் பூட்டினாங்க. ஒரு காலத்துல உலகத்திலேயே பெரிய சணல் ஆலை அது! பழைய எந்திரம், வருஷா வருஷம் நஷ்டம். 2020-ல மிச்சமிருந்த 25 அரசு ஆலைகளையும் மூடியாச்சு. அந்த நாடு பிறந்த புதுசுல ஏற்றுமதி வருமானத்துல சுமார் 90 சதவீதம் சணல்தான். இப்போ 2 சதவீதம் அளவுக்கு இறங்கிடுச்சு.

"தனியார் ஆலை ஓடுதே, துருக்கிக்காரன் கம்பளம் நெய்யச் சணல் நூல் வாங்குறானே" என்பீர்கள். வாங்குறான், மறுக்கலை. அந்தக் காசு வயல் வரைக்கும் வருதா? அதுதான் கேள்வி.

வயலுக்கு வாங்க. பங்குனி, சித்திரையில விதைச்சா நாலு மாசத்துல அறுப்பு. நெல்லு மாதிரி அறுத்தவுடனே காசாகாது. கட்டுக்கட்டா தண்ணியில ஊறப் போடணும். ரெண்டு மூணு வாரத்துல பட்டை மெத்துனு ஆகும். அப்புறம் இடுப்பளவு நாத்தத் தண்ணியில நின்னு, தண்டிலிருந்து நாரை உரிச்சு அலசணும். தண்ணி தாராளமா இருந்தா நார் பொன்னிறமா வரும். குட்டைச் சேத்துல ஊறினா கறுத்துப் போகும், விலையும் இறங்கிடும். 2022-ல சீசன்ல மழை ஏமாத்திடுச்சு. அறுத்த சணலை வச்சுக்கிட்டு, ஊறப் போட இடம் தேடி அலைஞ்சாங்க. வண்டி வாடகை, தண்ணி இறைக்கிற செலவு, கூலி, எல்லாம் விவசாயி தலையில!

சரி, நாரு காஞ்சாச்சு. கடன்காரன் வாசல்ல நிக்கிறான். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். நாலு மாசம் கழிச்சு விலை ஏறும். அப்போ சரக்கு எங்கே இருக்கும்? வியாபாரி கிடங்குல! (கைதட்டல்) போதாக்குறைக்கு, 2017 ஜனவரியில நம்ம இந்தியாவே வங்கதேசச் சணல் நூலுக்கும் சாக்குக்கும் குவிப்புத் தடுப்பு வரி போட்டுச்சு. அங்கே ஆலைக்காரருக்கு லாபம் குறைஞ்சா, நாருக்கு என்ன விலை கொடுப்பாரு?

நியாயமா ஒண்ணு ஒத்துக்கிறேன். சணல்ல எதுவும் வீணாகாது. இளம் இலை கீரையாகுது. உதிர்ந்த இலை அடுத்த நெல்லுக்கு உரம். உரிச்ச குச்சி அடுப்புக்கும் வேலிக்கும் ஆகுது, கரியாக்கிச் சீனாவுக்குக் கூட அனுப்புறாங்க. இந்தக் குச்சிக் காசு இல்லேன்னா பல குடும்பம் சணலையே விட்டிருக்கும்.

எதிரணிக்கு என் பக்கம் வர ஆசையிருந்தா ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு வாங்க. ஊறப் போடக் குளத்தை யார் வெட்டித் தர்றது? விலை ஏறுற வரைக்கும் சரக்கைக் கிடங்குல வச்சு, அதன் மேல கடன் யார் கொடுக்கிறது?

மணி அடிச்சிட்டாங்க.