மேசைமேல் ஒரு ஜோலார்பேட்டை

ஏலகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஜோலார்பேட்டைச் சந்திப்பு. சென்னையிலிருந்து வாணியம்பாடி வழியாக வரும் இருப்புப்பாதை இங்கே பிரிந்து, ஒரு கிளை பெங்களூருக்கும் மற்றொரு கிளை சேலத்துக்கும் செல்கிறது. இந்தச் சந்திப்பை மாதிரியாகச் செய்து, ரயில்களை ஓடவிட்டு, பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று பத்து மாணவர்கள் சேர்ந்து முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்டையும் பசையும் வாங்குவதற்கு முன்னால் அவர்கள் சில கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உலகெங்கும் மாதிரி ரயில் கட்டுவோர் மிகுதியாகக் கையாளும் அளவு 'எச்.ஓ.' எனப்படும் 1:87. அதாவது உண்மைப் பொருளின் நீளத்தை 87ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் கிடைக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பயணிகள் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 22.3 மீட்டர், மாதிரியில் அது 25.6 செ.மீ. ஆகிறது. இருபது பெட்டிகளும் ஓர் எஞ்சினும் கொண்ட ரயில் 5 மீட்டரைத் தாண்டிவிடும். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை சுமார் 214 கிலோமீட்டர். மாதிரியில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர்! மலையையும் விட்டுவிட வேண்டாம். சமவெளியிலிருந்து ஏலகிரி சுமார் 700 மீட்டர் எழுந்து நிற்கிறது. 87ஆல் வகுத்தால் 8 மீட்டர். பள்ளி மண்டபத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே மலையைப் பின்திரையில் வண்ணத்தால் தீட்டிவிடுவதே நல்லது. எல்லா மாதிரிகளிலும் இப்படி ஏதேனும் ஒன்றைச் சுருக்கியோ விட்டுவிட்டோதான் ஆக வேண்டும்.

இவ்வளவு பெரியதை ஒரே வீட்டில் வைத்துக் கட்ட யாருக்கு இடம் இருக்கிறது? அதற்கு மாதிரி ரயில் சங்கங்கள் கண்ட வழிதான் மாட்யூல் முறை. ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டிலேயே ஒரு பலகையைக் கட்டுகிறார். கண்காட்சியன்று எல்லாப் பலகைகளையும் வரிசையாகச் சேர்த்து இறுக்கிவிட்டால் நீண்ட பாதை கிடைத்துவிடும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'என்-டிராக்' என்ற பெயரில் இதற்குப் பொது விதிகள் வகுக்கப்பட்டன. பலகை 4 அடி நீளம், தண்டவாளம் தரையிலிருந்து 40 அங்குல உயரம் என்பவை அவற்றுள் சில. ஐரோப்பாவில் 1981இல் 'ஃப்ரெமோ' என்ற சங்கம் தோன்றியது. பலகையின் நடுவே மலை, ஆறு, தோல் பதனிடும் தொழிற்சாலை என எதை வேண்டுமானாலும் அமைக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பலகையின் இரு ஓரங்களில் மட்டும் விதி மாறக்கூடாது. தண்டவாளத்தின் உயரம், முன்விளிம்பிலிருந்து அதன் தூரம், மின்கம்பிகளின் வரிசை ஆகிய மூன்றும் எல்லாருக்கும் ஒன்றே.

தனித்தனியாகச் செய்தவை கண்காட்சிக் காலையில் பொருந்துமா என்பதே பெரிய கவலை. இங்கே பிழைகளின் கணிதம் துணைக்கு வருகிறது. நீள்சதுரமான ஒரு பாதையின் ஒரு பக்கத்தில் எட்டுப் பலகைகள், எதிர்ப்பக்கத்தில் எட்டுப் பலகைகள் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு மி.மீ. பிழை இருக்கிறது. சில கூடுதல், சில குறைவு என்றால் அவை ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும். ஒரு காசை எட்டு முறை சுண்டி, தலை விழுந்தால் ஒரு மி.மீ. கூட்டியும் பூ விழுந்தால் ஒரு மி.மீ. கழித்தும் பாருங்கள். பலமுறை செய்தால் மொத்தப் பிழை 8இன் வர்க்கமூலமான 2.8 மி.மீ. அளவில்தான் நிற்கும். இதற்கு மாறாக, ஒரு பக்கத்தார் அனைவரும் முனை தேய்ந்த ஒரே அளவுநாடாவால் அளந்திருந்தால் எட்டுப் பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்து 8 மி.மீ. ஆகிவிடும், எதிர்ப்பக்கத்தோடு பொருந்தாது. ஆனால் இரு பக்கத்தாரும் அதே தேய்ந்த நாடாவால் அளந்திருந்தால்? இரு பக்கமும் ஒரே அளவு தவறியிருக்கும். பாதை அழகாக மூடிக்கொள்ளும்! அதனால்தான் சங்கங்கள் ஓரப்பலகைகளைத் துளையிட ஒரே அச்சுத்தகட்டைக் கைமாற்றிப் பயன்படுத்துகின்றன. அளவு துல்லியமாக இருப்பதைவிட ஒன்றாக இருப்பது முக்கியம்.

பெரிய ரயில்வேயிலும் இந்தப் பாடம் விலை கொடுத்தே கற்கப்பட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் சென்ற பாதை 1,676 மி.மீ. அகலம், பெங்களூரிலிருந்து மைசூர் சென்றதோ 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் பாதை. 1990களில் பாதை மாற்றப்படும்வரை, மைசூர் செல்லும் சரக்குகளைப் பெங்களூரில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. மாதிரியிலும் அகலச் சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ.; இது பல வெளிநாடுகளின் 1,435 மி.மீ. பாதைக்கு உரியது. நம் அகலப்பாதைக்குச் சரியாக 19.26 மி.மீ. வேண்டும். புதிதாகத் தண்டவாளமும் சக்கரமும் செய்வது பெரும்பாடு என்பதால், இந்த 2.8 மி.மீ. குறையைப் பொறுத்துக்கொள்வதே மாணவர்களுக்கு ஏற்றது என்பேன்.

இனி எடை. நீளம் 87இல் ஒரு பங்கானால் கனஅளவு 87×87×87, அதாவது 6,58,503இல் ஒரு பங்கு. 123 டன் எடையுள்ள டபிள்யூ.ஏ.பி.-7 மின்எஞ்சின் இந்தக் கணக்கில் 187 கிராம்தான். 40 டன் பெட்டி 61 கிராம். ஆனால் அமெரிக்க மாதிரி ரயில் கழகத்தின் பரிந்துரைப்படி இந்த நீளமுள்ள பெட்டிக்குச் சுமார் 170 கிராம் இருக்க வேண்டும்! ஏன் இந்த முரண்? தூசும், தண்டவாள இணைப்பின் சிறு மேடும், பெட்டிகளை இணைக்கும் கொக்கியின் இழுப்பும் நாம் வகுத்த கணக்கின்படி 6 லட்சம் மடங்கு குறைந்துவிடுவதில்லை. இறகு போன்ற பெட்டி சிறு தடையிலும் தடம் புரளும். எனவே தளத்தின் அடியில், கூடியவரை தாழ்வாக, இரும்பு வாஷர்களை ஒட்டிவிடுவார்கள்.

வளைவில் கதை வேறு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 600 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்லும் உண்மை ரயிலின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ ஏழரையில் ஒரு பங்கு. அதனால்தான் வெளித்தண்டவாளத்தை உயர்த்திப் போடுகிறார்கள். அதே வளைவை 87ஆல் வகுத்தால் ஆரம் 6.9 மீட்டர்; மண்டபத்தில் இடமில்லை. 90 செ.மீ. ஆரமே வைத்து, ரயிலை அதன் அளவுக்குரிய வேகமான விநாடிக்கு 32 செ.மீ. வேகத்தில் விட்டாலும், v²/r கணக்கில் கிடைப்பது புவியீர்ப்பில் 86இல் ஒரு பங்குதான். வெளிப்புறம் கவிழும் அச்சமே இல்லை. ஆனால் நீண்ட ரயிலை எஞ்சின் இழுக்கும்போது, வளைவில் இருக்கும் பெட்டிகளை அந்த இழுவிசை உட்புறமாகச் சாய்க்கும். கயிற்றை வளைத்து வைத்து இரு முனைகளையும் இழுத்தால் நேராக முயல்வது போலத்தான். ஆகவே எடை குறைந்த பெட்டிகளை எஞ்சினை அடுத்துக் கோக்கக் கூடாது.

மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே எஞ்சினுக்குச் செல்கிறது. மாதிரித் தண்டவாளம் நிக்கல் வெள்ளி என்ற உலோகக் கலவையால் ஆனது. அதன் மின்தடை செம்பைப்போலப் பல மடங்கு. பலகைக்குப் பலகை இணைப்புகள் வேறு. ஆகவே ஒவ்வொரு பலகையின் அடியிலும் தடித்த செம்புக்கம்பி ஓட வேண்டும். அதிலிருந்து தண்டவாளத்துக்குச் சிறு கம்பிகள் ஏற வேண்டும். 0.5 சதுர மி.மீ. கம்பி 20 மீட்டர் போய்த் திரும்பினால் தடை 1.4 ஓம், ஓர் ஆம்பியர் ஓடும்போது 12 வோல்ட்டில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், தொலைவில் ரயில் தளரும். வீடுகளுக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு கால் வோல்ட்தான்.

எடுத்துச் செல்லும்போது ஏற்படும் சேதமும் சிறிதல்ல. 1998இல் புனேயில் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தின் முன்னோடியும் ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டிய ஓர் அமைப்புத்தான். இரண்டிரண்டு பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, ஓரங்களில் ஒட்டுப்பலகை திருகிப் பெட்டிபோல் ஆக்கிக்கொண்டால் மரங்களும் கம்பங்களும் தப்பும்.

கடைசியாக ஒரு புதிர். தாளில் சென்னை–பெங்களூர் பாதையை இரு கோடுகளாக வரைந்து, பெங்களூர் நோக்கிச் செல்பவருக்கு வலக்கைப் பக்கமுள்ள தண்டவாளத்தைச் சிவப்பாக்குங்கள், அது நேர்மின்முனை. சென்னை–சேலம் கிளையிலும் சேலம் நோக்கிச் செல்லும்போது வலப்பக்கமே சிவப்பு. இப்போது பெங்களூரிலிருந்து சேலத்துக்கு நேரே ஓர் இணைப்பு வரைந்து முக்கோணத்தை முடியுங்கள். பெங்களூரிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடக்கைப் பக்கம் இருக்கிறது. சேலம் பாதையில் சேரும் இடத்திலோ வலக்கைப் பக்கம். சிவப்பும் கறுப்பும் முட்டிக் குறுக்குச்சுற்று ஏற்படும், பியூஸ் போய்விடும். பலகைகளை எப்படித் திருப்பிப் போட்டாலும் இது தீராது.

அந்த இணைப்பின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட்டு, இடைப்பகுதிக்கு மட்டும் இருமுனை இருவழிச் சுவிட்ச் ஒன்றின் வழியே மின்சாரம் தர வேண்டும். எஞ்சின் உள்ளே வந்ததும் நிறுத்தி, அந்தச் சுவிட்சையும் கட்டுப்பாட்டுக் கருவியின் திசைச் சுவிட்சையும் மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டலாம். இப்போதைய டிஜிட்டல் முறையில் எஞ்சினுக்குள்ளேயே கட்டளையை உணரும் சில்லு இருப்பதால் திசை தண்டவாளத்தின் மின்முனையைச் சார்ந்ததல்ல. மாற்றத்தைத் தானியங்கிக் கருவியே செய்துவிடும். இரண்டிலும் இடைப்பகுதி எஞ்சினைவிட நீளமாக இருந்தால் போதும். பெட்டிகளுக்குள் விளக்கு வைத்து, அதற்கும் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுத்தீர்களானால், முழு ரயிலும் அடங்கும் நீளம் வேண்டும்; அதாவது நான்கைந்து பலகைகள்.